72-ல் ஒரு பங்கு

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்குத் தெரிந்த செய்தி இது. நம் வகுப்புப் பிள்ளைகள் பலரின் வீட்டில் யாரோ ஒருவர் லாரியோடு தொடர்புடையவர்: ஓட்டுநர், கிளீனர், பட்டறையில் பாடி கட்டுபவர், வெல்டர், பெயிண்டர். வெறும் சேசிஸாக வந்து நிற்கிற வண்டி, பாடி கட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, வண்ணம் பூசி, புது லாரியாக வெளியே போகிறது. இதே வேலையை இதே வரிசையில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் செய்வதற்கு ஸ்கேல் மாடலிங் என்று பெயர். நாம் அதை அளவு மாதிரி கட்டுதல் எனலாம்.

கல்லூரி நாள்களில் என்.சி.சி. விமானப் பிரிவில் பால்சா கட்டையைச் சீவி விமான மாதிரி செய்த பழக்கம் எனக்கு உண்டு. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் கையில் சாக்பீஸ்தான். அண்மையில் மறுபடி அந்த மேசைக்குத் திரும்பியபோது இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. ஒன்று, வெள்ளெழுத்து, கண்ணாடி இல்லாமல் சிறு பாகங்கள் தெரிவதில்லை. இன்னொன்று, தூரிகையின் இடத்தை ஏர்பிரஷ் பிடித்திருக்கிறது. பேனா அளவில் உள்ள ஒரு சிறு ஸ்ப்ரே கன் அது. அதைக் கற்றுக்கொள்ளப் போனபோது, நாம் கணக்கிலும் அறிவியலிலும் தனித்தனியாக நடத்தும் பல பாடங்கள் ஒரே மேசையில் கூடி வந்தன. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொட்டு வண்ணம்

நம் அறிவியல் கண்காட்சி மேசைகளை நினைத்துப் பாருங்கள். தெர்மோகோல் வீடு, அதைவிட உயரமான காகித மரம், வீட்டுக்குள் நுழைய முடியாத பொம்மைக் கார். எல்லாம் அழகாக இருக்கும். “இது எத்தனையில் ஒரு பங்கு?” என்று கேட்டால் விடை இருக்காது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிகளை வாங்கி வைப்பது இப்போது கூடிவிட்டது. அவற்றிலும் இதே நிலைதான். அளவு மாதிரி என்பது வேறு. அதில் ஒரே ஒரு எண்ணுக்கு எல்லாப் பாகமும் கட்டுப்பட வேண்டும்.

விமான மாதிரிகளில் பரவலாக வழங்கும் எண் 72. ஆறடி என்பது 72 அங்குலம். அதை ஓர் அங்குலமாகக் குறைத்தால் 1:72. அதாவது ஆறடி மனிதர் ஓர் அங்குல உயரத்தில் நிற்பார். பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டு, பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட ‘நேட்’ என்ற சிறிய போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். சிறு கொசு வகையின் ஆங்கிலப் பெயர் அது. 1965, 1971 போர்களில் பங்கேற்ற விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைக் காக்கப் பறந்து வீரமரணம் அடைந்து, பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரரான நிர்மல்ஜித் சிங் செகான் ஓட்டியதும் நேட்தான். அதன் நீளம் 8.74 மீட்டர், இறக்கை அகலம் 6.73 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 121 மி.மீ., 93 மி.மீ. ஆறாம் வகுப்பு விகிதப் பாடத்துக்கு இது போதும்.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். நீளம் 72-ல் ஒரு பங்கு என்றால் பரப்பு 5,184-ல் ஒரு பங்கு. கன அளவு 3,73,248-ல் ஒரு பங்கு. உண்மையான விமானத்துக்கு 20 லிட்டர் வண்ணம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக்கு எவ்வளவு? பரப்பை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 4 மில்லி லிட்டர். ஆனால் பூச்சின் தடிமனும் 72-ல் ஒரு பங்காக இருக்க வேண்டுமே! அப்போது விடை 0.05 மில்லி லிட்டர், அதாவது ஒரு சொட்டு. முழு விமானத்துக்கும் ஒரே சொட்டு.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். தூரிகையால் பூசிய வண்ணம் நாம் எழுதும் தாளின் தடிமன், அதாவது 0.1 மி.மீ. இருந்தால், உண்மை அளவில் அது 7 மில்லி மீட்டருக்கு மேல் வரும். விமானத்தின் மேல் சிமென்ட் பூசியது போல இருக்கும். ரிவெட்டுகளும் தகடுகளின் இணைப்புக் கோடுகளும் மூடிப்போகும். ஒரு சொட்டில் யாராலும் பூசி முடிக்க முடியாது. ஆனால் முடிந்தவரை அதன் அருகே போக வேண்டும். ஏர்பிரஷ் தேவைப்படுவது இதற்காகத்தான். தூரிகையின் கோடு தெரியாமல் இருப்பது கூடுதல் வசதி.

கை முந்தி, பெயிண்ட் பிந்தி

ஏர்பிரஷ்ஷின் நடுவே ஒரு மெல்லிய ஊசி ஓடுகிறது. அதன் கூர்முனை நுனித்துளையை அடைத்துக்கொண்டிருக்கும். துளையின் விட்டம் 0.2, 0.3, 0.5 மி.மீ. என வகைப்படும், பொதுப் பயன்பாட்டுக்கு 0.3. மேலே உள்ள குமிழை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகி, வண்ணம் வெளியேறும். காற்றோட்டம் அதை இழுத்து, நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது.

இதற்குப் பெர்னோலி தத்துவத்தைச் சொல்லி முடித்துவிடுவோம். தண்ணீர்க் குவளையில் ஒரு ஸ்ட்ராவை நிறுத்தி, அதன் மேல்விளிம்பை உரசுமாறு இன்னொரு ஸ்ட்ராவால் ஊதினால் நீர் ஏறித் தெறிக்கும் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். “வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைவு” என்ற ஒரு வரி அதற்கு முழு விடை ஆகாது. திறந்த வெளியில் ஓடும் காற்றுத்தாரையின் அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். தாரை ஸ்ட்ராவின் விளிம்பில் மோதி வளைந்து போகும் இடத்தில்தான் அழுத்தம் குறைகிறது. அதனால்தான் ஸ்ட்ராவின் நுனி தாரைக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருந்தால் நன்றாக வேலை செய்கிறது. மேல்வகுப்பு மாணவர்கள் நுனியை ஏற்றி இறக்கி இதைத் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

கருவியின் அமைப்பு ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். கைக்கு வருவதுதான் தாமதம். இந்த இடத்தில் எனக்கு நல்ல பாடம் சொன்னவர் பரமத்தி சாலையோரப் பட்டறையில் லாரிக்கு வண்ணம் அடிக்கும் ஒரு மூத்த பெயிண்டர். “கை நிக்கக் கூடாதுங்க சார். கையை ஓட்டிட்டு அப்புறம் ட்ரிக்கரை இழுங்க. ட்ரிக்கரை விட்டுட்டு அப்புறம் கையை நிறுத்துங்க. கை முந்தி, பெயிண்ட் பிந்தி” என்றார். முப்பதடி லாரிக்கும் பன்னிரண்டு சென்டிமீட்டர் விமானத்துக்கும் விதி ஒன்றே. கை நிற்கும் இடத்தில் வண்ணம் குவிந்து வழியும். ஏர்பிரஷ்ஷில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: முதலில் காற்று, பிறகு வண்ணம், முடிக்கும்போது முதலில் வண்ணத்தை நிறுத்தி, கடைசியில் காற்றை நிறுத்த வேண்டும். மாறினால் நுனியில் தேங்கிய துளி, அடுத்த முறை அழுத்தும்போது துப்பும்.

காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும், கார் டயருக்கு நாம் நிரப்புவதில் ஏறக்குறைய பாதி. வண்ணம் பால் போல ஓட வேண்டும். கிண்ணத்தின் உட்சுவரில் பட்டால் பால் இறங்குவது போல மெல்லிய படலம் விட்டு இறங்கினால் சரியான பதம். இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் அடைக்கும். மிகவும் நீர்த்துப்போனாலோ மிக அருகில் பிடித்தாலோ, காற்று அந்த நீரைத் தள்ளி, பூரான் கால்கள் போலக் கிளை கிளையாக ஓடவிடும். தூரம், அழுத்தம், பதம், ஊசி விலகும் அளவு என்ற நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் சரிசெய்தாக வேண்டும். இதைப் புத்தகம் சொல்லித் தரலாம். விரல் கற்றுக்கொள்ள நாளாகும்.

பயிற்சிக்கு விலையுயர்ந்த வண்ணம் வேண்டாம். பேனா மையில் நீர் கலந்து, கணக்கு வரைபடத்தாளில் தெளிக்கலாம். சதுரங்கள் சந்திக்கும் இடங்களில் புள்ளி வைப்பது, புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது, ஒரு சதுரத்தை அடர்த்தியிலிருந்து வெளிறலுக்குச் சீராகக் கொண்டுபோவது என்று படிப்படியாகப் போகலாம். மில்லிமீட்டர் கட்டங்கள் இருப்பதால் கோட்டின் அகலத்தை எண்ணிவிடலாம். 2 செ.மீ. தூரத்தில் ஒரு வட்டம், 4 செ.மீ. தூரத்தில் இன்னொன்று, விட்டம் ஏறத்தாழ இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு, அதே மை நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால் நிறம் வெளிறுகிறது. வடிவொத்த முக்கோணமும் எதிர் இருமடி விதியும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. பள்ளியில் ஏர்பிரஷ் இல்லாவிட்டால், தலைக்கு நீர் தெளிக்கும் சலூன் ஸ்ப்ரே பாட்டிலில், தூரத்தைக் கூட்டிக்கொண்டு, இதையே செய்யலாம். வட்டத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும், அளவீட்டில் துல்லியம் என்பது அந்தச் சண்டைதான்.

குச்சிக்கிழங்கும் ஆள்காட்டி முட்டையும்

வெள்ளி நிற விமானத்துக்கு ஏர்பிரஷ் சுலபம். உருமறைப்பு வண்ணம் பூசும்போதுதான் கைத்திறன் தெரியவரும். பச்சையும் பழுப்பும் சாம்பலும் ஒழுங்கற்ற திட்டுகளாக ஓடும் அந்தப் பூச்சு வெறும் அலங்காரம் அல்ல. மேலே இருளாகவும் அடியில் வெளிறியும் ஏன் பூசுகிறார்கள் என்று தெரியாமல் பூசினால், திட்டுகள் இருக்கும், மறைப்பு இருக்காது.

இதற்கு விளக்கம் தந்தவர் ஓர் ஓவியர்: அமெரிக்காவின் அபட் தேயர். வெயில் மேலிருந்து விழுவதால் உருண்டையான எந்தப் பொருளும் மேலே வெளிச்சமாகவும் அடியில் நிழலாகவும் தெரியும். அந்த நிழல்தான் அது உருண்டை என்று கண்ணுக்குச் சொல்கிறது. மேற்புறம் இருளாகவும் அடிப்புறம் வெளிறியும் இருந்தால் நிழலும் நிறமும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பொருள் தட்டையாகிக் காணாமல் போகும். 1896-ல் பறவையியலாளர்கள் முன்னிலையில் அவர் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளுக்கு வண்ணம் பூசி இதைக் காட்டினார். சேலம், நாமக்கல் ஆசிரியர்களுக்குக் கிழங்குக்கா பஞ்சம்? இரண்டு குச்சிக்கிழங்குத் துண்டுகளை எடுத்து, ஒன்றுக்கு மண் நிறத்தைச் சீராகவும், மற்றொன்றுக்கு மேலே அடர்த்தி, கீழே வெளிறல் எனப் படிப்படியாகவும் பூசுங்கள். கம்பியில் கோத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெயிலில் நிறுத்தி, இருபது தப்படி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். நம் புல்வெளிகளில் வாழும் வெளிமானின் முதுகு ஏன் கருமை, வயிறு ஏன் வெண்மை என்ற கேள்வி தானாக வரும்.

இரண்டாவது விதி, வடிவத்தைக் குலைப்பது. விளிம்பைத் தாண்டி ஓடும் அடர் திட்டுகள், கண் ஒரு முழு உருவத்தைக் கூட்டிக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. ஹியூ காட் என்ற விலங்கியலாளர் 1940-ல் விலங்குகளின் நிறம் பற்றி எழுதிய பெரிய நூலில் இதை விரிவாக விளக்கினார். நம் ஊரில் இதைப் பார்க்கத் தரிசு நிலம் போதும். ஆள்காட்டிப் பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. மங்கிய பழுப்பில் கரும்புள்ளிகளும் திட்டுகளும் சிதறிய அந்த முட்டைகளை, காலடியில் இருந்தாலும் கண்டுபிடிப்பது கடினம்.

மறைப்பும் ஏமாற்றும் வேறு வேறு என்பதை எம்டன் கப்பலைக் கொண்டு சொல்லலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கியதால் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்ட கப்பல். அதற்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாகப் பொய்யான ஒன்றைப் பொருத்தி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றச் செய்தார்கள். அது ஒளிவதல்ல, வேடம். 1917-ல் ஓவியர் நார்மன் வில்கின்சன் சரக்குக் கப்பல்களுக்கு வரிக்குதிரை போலப் பட்டைகள் பூச வைத்தது இன்னொரு வகை: கப்பல் நன்றாகவே தெரியும், ஆனால் எந்தத் திசையில் போகிறது என்று குறிபார்ப்பவர் குழம்புவார்.

மேசைக்கு வருவோம். பெரிய விமானத்தில் ஸ்ப்ரே கன்னால் கையாலேயே திட்டு வரைந்தால், இரு நிறங்களும் கலக்கும் விளிம்பு நான்கு விரல் அகலம், சுமார் 72 மி.மீ., இருக்கும் என்று கொள்ளுங்கள். மாதிரியில் அது எவ்வளவு? சரியாக 1 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கலான விளிம்பு விட்டால், உண்மை விமானத்தில் அது ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு. எந்தப் பட்டறையிலும் அப்படி அடிக்க மாட்டார்கள். மாதிரிகளைப் பார்த்தவுடன் “பொம்மை போல இருக்கிறது” என்று நாம் காரணம் தெரியாமல் சொல்வதற்குப் பெரும்பாலும் இந்த விளிம்புதான் காரணம். பாகங்களின் அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தவர்கள் விளிம்பின் மென்மைக்கும் அளவு உண்டு என்பதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையால் கொண்டுவரலாம்: அழுத்தத்தைக் குறைத்து, வண்ணத்தை இன்னும் நீர்க்கச் செய்து, இரண்டு செ.மீ. அருகில் பிடித்து, முதலில் திட்டின் எல்லைக் கோட்டை மெலிதாக வரைந்துகொண்டு உட்புறத்தை நிரப்ப வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. இன்னொரு வழியும் உண்டு. காகிதத்தைத் திட்டின் வடிவில் வெட்டி, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை நூல் போல உருட்டி அடியில் வைத்து, பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூக்கலாக நிறுத்தித் தெளிப்பது. சுவரை ஒட்டிய கையின் நிழல் கூர்மையாகவும், சுவரை விட்டு விலகிய கையின் நிழல் மங்கலாகவும் விழுவது போல, தூக்கிய காகிதத்தின் விளிம்பு மென்மையாக விழும். கருநிழல், புறநிழல் பாடத்தை நான் இப்போது இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

மாதிரி கட்டுவோரிடையே ஒரு பழைய விவாதம் உண்டு. தொலைவில் உள்ள பொருள் வெளிறித் தெரிவதால் சிறிய மாதிரிக்கு நிறத்தையும் வெளிறச் செய்ய வேண்டும் என்பார்கள். மாதிரியை 30 செ.மீ. தூரத்தில் பார்ப்பது உண்மை விமானத்தை 21.6 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் காற்று நிறத்தைப் பெரிதாக மாற்றாது. சிறிய பரப்பில் அடர்நிறம் இன்னும் இருண்டு தெரிகிறது என்பதற்காகச் சிறிதளவு வெண்மை கலந்தால் போதும் என்பது என் கருத்து.

வெயிலும் நுரையீரலும்

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லாத ஒன்று நம் வெயில். சித்திரை, வைகாசியில் சேலத்து நண்பகலில் நீர்சார்ந்த அக்ரிலிக் வண்ணம் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். சில துளிகள் பறக்கும்போதே காய்ந்து, மாதிரியின் மேல் மாவு தூவியது போல விழும். காலை ஆறு முதல் எட்டு வரை நல்ல நேரம். ஆடிக் காற்றில் தூசி ஒட்டும். மழைக்காலத்தில், அழுத்தப்பட்ட காற்றிலுள்ள ஈரம் கம்ப்ரஸரில் நீராகத் தேங்கும். குழாயில் நீர் பிரிக்கும் சிறு கிண்ணம் பொருத்தாவிட்டால் அந்த நீர் மாதிரியின் மேல் தெறிக்கும். பட்டறையில் கிடைக்கும் என்.சி. தின்னரை மாதிரிக்குப் பயன்படுத்த வேண்டாம். அந்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

இதைவிட முக்கியமானது மூச்சு. ஏர்பிரஷ் எழுப்பும் துளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவை நேரே நுரையீரலுக்குப் போகும். நீர்சார்ந்த வண்ணமானாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகக்கவசம் வேண்டும். வகுப்பறையில் தின்னர் கலந்த எதையும் தெளிக்கவே கூடாது. வாகனங்களுக்குப் பூசும் இரு பாகப் பாலியூரித்தேன் வண்ணங்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒரு முறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு திணறும். நம் பட்டறைகளில் பலர் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் தெளிக்கிறார்கள். துண்டு பெரிய தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்கு வடிகட்டிகள் பொருத்திய கவசமும், அந்த வண்ணங்களுக்கு இயன்றால் வெளிக்காற்று தரும் முகமூடியும் வேண்டும். வடிகட்டியில் செயலூட்டப்பட்ட கரி எப்படி ஆவியைப் பிடித்துக்கொள்கிறது என்று பரப்புக் கவர்ச்சிப் பாடத்தில் விளக்கும்போது, எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அந்தச் செய்தி தேவையோ அந்தப் பிள்ளை முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். பெயிண்டராக உள்ள ஒரு பெற்றோரை அழைத்து, தண்ணீரில் மை கலந்து, கை ஓட்டும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியர் பக்கத்தில் அளவுகோலுடன் நிற்கட்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு ஏர்பிரஷ்ஷும் வேண்டாம், விமானமும் வேண்டாம். சத்துணவில் உரித்த முட்டை ஓடுகளில் பெரிய துண்டுகளைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் முட்டை வெள்ளை வெளேரென்று இருப்பது இந்த விளையாட்டுக்கு வசதி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நீர்வண்ணத்தில் தோய்த்து, சீப்பின் மேல் தேய்த்தால் துளிகள் தெறிக்கும். பிள்ளைகள் பள்ளி மைதானத்து மண்ணைப் பார்த்துப் பார்த்து ஓட்டுக்குப் புள்ளி வைக்கட்டும். சிலவற்றை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். ஒரு குழு கண்ணை மூடிக்கொள்ள, மற்றொரு குழு பத்து ஓடுகளை மைதானத்தில் வைக்கட்டும். ஒரு நிமிடத்தில் வெள்ளை எத்தனை, புள்ளி வைத்தது எத்தனை கண்டுபிடிக்கப்பட்டன என்று பட்டியலிடுங்கள். பங்குனியில் சிவந்து காய்ந்த மண்ணில் தப்பித்த ஓடுகளைப் பத்திரமாக எடுத்துவைத்து, ஐப்பசி மழைக்குப் பிறகு புல் முளைத்த அதே இடத்தில் மறுபடி வைத்து எண்ணச் சொல்லுங்கள்.